ரெசிடென்ட் ஈவில் முழுசா ஆடணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

மொட்டமாடி:
எல்லாருக்கும் வணக்கம். இவ்ளோ நாள் ஃபிஃபா, ஜிடிஏ, நடுநடுவுல வாலரண்ட்னு ஓட்டிட்டு இருந்தேன், இப்ப ஒரு பெரிய சிங்கிள் பிளேயர் சீரிஸ உக்காந்து முழுசா ஆடணும்னு ஆச. இதே சீரிஸ்ல ரெக்வியம்னு ஒரு கேமோட ட்ரெய்லர் பாத்தேன், அதுல அந்த இடிஞ்சு போன ஊரு, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் வரும்போது கீழ கமெண்ட்ல எல்லாரும் உருகுறாங்க, எனக்கு மட்டும் ஒன்னும் புரியல. சரி ஆரம்பிப்போம்னு நெட்ல தேடுனா தல சுத்துது. 0 ஒன்னு இருக்கு, 4 ரெண்டு இருக்கு, கோட் வெரோனிகான்னு ஒன்னு, ரெவலேஷன்ஸ்னு ரெண்டு, 8க்கு நம்பரே போடாம வில்லேஜ்னு பேரு. எதுலேர்ந்து ஆரம்பிக்கணும், எதெல்லாம் விட்டுடலாம்? லேப்டாப்ல ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு இருக்கு. வேல முடிஞ்சு ராத்திரிதான் ஆடுவேன். கத எனக்கு முக்கியம். ஸ்பாய்லர் மட்டும் வேணாம் ப்ளீஸ்.

நைட்ஷிப்ட்:
ஆர்இ 2 ரீமேக், அதாவது பழைய ரெசிடென்ட் ஈவில் 2வ புதுசா திரும்பப் பண்ணது, 2019ல வந்தது. கண்ண மூடிட்டு வாங்கு. கேமரா தோளுக்குப் பின்னாடி இருக்கும், இப்ப வர்ற கேம் மாதிரியே கன்ட்ரோல், கதையும் புதுசா உள்ள வர்றவனுக்கு ஏத்த மாதிரிதான் ஆரம்பிக்கும். லியான் போலீஸ் வேலைக்கு மொத நாள் வர்றான், ஊரே நாறிக் கெடக்கு, அவனுக்கும் ஒன்னும் தெரியாது உனக்கும் ஒன்னும் தெரியாது. 1650ல தாராளமா ஓடும்.

அரசமரத்தடி:
நைட்ஷிப்ட் சொன்னது தப்பில்ல, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் புரிஞ்சுக்கிட்டா மொட்டமாடி தானே முடிவு பண்ணிக்கலாம். நம்பர பாக்காதீங்க, கேமரா எங்க இருக்குன்னு பாருங்க. இந்த சீரிஸ்ல மூணு விதமான கேம் இருக்கு. கேமரா சுவத்து மூலைல நிக்கிறது ஒன்னு, அதாவது 1996ல வந்த மொத கேம், 1998ல 2, 1999ல 3, 2000ல கோட் வெரோனிகா, 2002ல வந்த மொத கேமோட ரீமேக், அதே வருஷம் வந்த 0. அடுத்து கேமரா தோளுக்குப் பின்னாடி வர்றது, 2005ல வந்த 4, அப்புறம் 5, 6, இப்ப வந்த ரீமேக் மூணும். மூணாவது நம்ம கண்ணுலேர்ந்தே பாக்குறது, 2017ல 7, 2021ல வில்லேஜ். ஒவ்வொன்னும் வேற வேற பயம். ஒன்னு புடிச்சவனுக்கு இன்னொன்னு புடிக்கும்னு கட்டாயம் இல்ல.

ஆனா இது எல்லாத்துக்கும் அடியில ஓடுற ஒரே விஷயம் என்னன்னா கையில இருக்கறத எங்க செலவு பண்றதுங்கறதுதான். குண்டு கம்மி, பைல எடம் கம்மி, மூலிகை கம்மி, பழைய கேம்ல டைப்ரைட்டர்ல சேவ் பண்றதுக்கே இங்க் ரிப்பன் வேணும், அதுவும் எண்ணி எண்ணிதான் கெடைக்கும். சுடலாமா சுத்திப் போலாமாங்கற இந்தக் கேள்விய உள்ள வச்சு கட்டுனதுதான் ரெசிடென்ட் ஈவில், பேயும் ஜோம்பியும் அதுக்கு மேல போட்ட சட்ட. இத ரொம்ப சுத்தமா கத்துக் குடுக்கறது 2002 ரீமேக். 2015ல எச்டி ரீமாஸ்டரா பிசிக்கு வந்துச்சு, வெல கம்மி, கிராபிக்ஸ் கார்டே இல்லாத லேப்டாப்ல கூட தள்ளிடலாம். என் ஓட்டு அதுக்குத்தான்.

ஒரு உதாரணம் சொல்றேன், இது ஆரம்பத்துலயே தெரிஞ்சுடும்கறதால ஸ்பாய்லர் ஆகாது. கத நடக்கற பங்களாவுல ஒரு ஜோம்பிய சுட்டு விழுத்துனா அது முடிஞ்சு போன கத இல்ல. தல சிதறணும், இல்லன்னா மண்ணெண்ண ஊத்தி கொளுத்தணும். விட்டுட்டுப் போனா கொஞ்ச நேரம் கழிச்சு அதே பொணம் செவப்பா நகம் நீண்டு எந்திரிச்சு ஓடியாரும். கிரிம்சன் ஹெட்னு பேரு. மண்ணெண்ண கேன ஒரு தடவ நெரப்புனா ரெண்டு பொணத்துக்குத்தான் காணும், அதுல ஜில், கிறிஸ்னு ரெண்டு பேர்ல ஒருத்தர எடுத்து ஆடணும், அந்தக் கேனும் லைட்டரும் ஜில் பைல ஆளுக்கு ஒரு எடம் புடிக்கும், அவகிட்ட இருக்கறதே மொத்தம் 8 எடம், கிறிஸ்ஸா ஆடுனா 6தான். அப்ப நீங்க ஒரு வராண்டாவப் பாத்து, இந்த வழில இன்னும் எத்தன தடவ போய் வரப் போறேன், இவன சுடுறதா, சுட்டா கொளுத்தறதா, சுடாமலே சுவத்தோரமா நழுவிப் போறதான்னு யோசிப்பீங்க. அந்த யோசனைல இருக்கற பயம் வேற எந்த ஹாரர் கேம்லயும் எனக்கு கெடைக்கல.

பச்சமொளகா:
அண்ணா நீங்க சொல்றது எல்லாம் அழகா இருக்கு ஆனா ஜிடிஏ ஆடிட்டு இருந்தவன போய் சுவத்து மூலை கேமரால நிறுத்துனா அர மணி நேரத்துல அன்இன்ஸ்டால் பண்ணிடுவான். என்னோட ஓட்டு 4. எங்க ஊர்ல பிஎஸ்2 கடைல மணிக்கு இவ்ளோன்னு காசு குடுத்து ஆடுன காலத்துலேர்ந்து சொல்றேன், அந்த கிராமத்து சீன் மாதிரி ஒரு ஆரம்பம் எந்த கேம்லயும் கெடையாது. ஊருக்குள்ள கால வச்சதும் மொத்த ஊரும் கத்தி கடப்பாரையோட தொரத்தும், ஒரு வீட்டுக்குள்ள ஓடுவோம், அலமாரிய நகத்தி கதவ அடைப்போம், மாடில சுவத்துல ஒரு ஷாட்கன் மாட்டிருக்கும், அத எடுக்கறதுக்குள்ள ஜன்னல்ல ஏணி சாத்திட்டானுங்க, ஏணிய ஒதச்சுத் தள்ளுனா கீழ ரம்பம் சத்தம் கேக்கும். அந்த ரம்பத்துக்காரன் கழுத்துகிட்ட வந்தா ஆட்டம் க்ளோஸ். இவ்ளோக்கும் நடுவுல எங்கயோ சர்ச் மணி அடிக்கும், எல்லாவனும் கையில இருக்கறத கீழ போட்டுட்டு வரிசையா நடந்து போயிடுவானுங்க. வெத்து ஊர்ல தனியா நிப்போம்.

கதைக்கும் கவலை இல்ல, ஊரு வேற, எதிரி வேற, ஜோம்பியே கெடையாது. 2023 ரீமேக் வாங்கு, கத்தியாலயே அடிய தடுக்கலாம், நடந்துட்டே சுடலாம். பழைய 4ல குறி வச்சா நின்ன எடத்துலேர்ந்து நகர முடியாது.

நைட்ஷிப்ட்:
4 ரீமேக் 1650ல ஓடும், ஆனா செட்டிங்ஸ நல்லா கொறைக்கணும். 2 அப்படி இல்ல, ஸ்மூத்தா போகும்.

தறிச்சத்தம்:
4லேர்ந்து ஆரம்பிக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு, சொல்லிடறேன். 4ல குண்டு தாராளமா கெடைக்கும், வியாபாரிகிட்ட துப்பாக்கிய மேம்படுத்தலாம், ஒதைக்கலாம், தூக்கி அடிக்கலாம். அத முடிச்சுட்டு 1க்கோ 2க்கோ வந்தா கை கட்டிப் போட்ட மாதிரி இருக்கும், ஏன் இவ்ளோ கஞ்சத்தனம்னு எரிச்சல்தான் வரும். என் தம்பிகூட காலேஜ் படிக்கறவன் அப்படித்தான், 4 முடிச்ச சூட்டுல 2 எடுத்தான், ஸ்டேஷன தாண்டல. மேலேர்ந்து கீழ எறங்கறத விட கீழேர்ந்து மேல ஏறறது சுலபம்.

எனக்குக் கேட்டா 7. கதையும் புது ஆளு, ஈத்தன். காணாம போன பொண்டாட்டிகிட்டேர்ந்து ஒரு மெசேஜ் வருது, அமெரிக்கால லூசியானா பக்கம் டல்வினு ஒரு ஊர்ல பாழடைஞ்ச வீட்டுக்கு தேடிப் போறான். முந்தின கத ஒன்னுமே தெரிய வேணாம். அந்த வீட்ல இருக்கற பேக்கர் குடும்பத்து சாப்பாட்டு மேஜை சீன் வரைக்கும் ஆடிப் பாருங்க, அதுக்கப்புறம் நீங்களே நிறுத்த மாட்டீங்க.

பச்சமொளகா:
அக்கா 7 ராத்திரி தனியா ஆடறதுக்கா சொல்றீங்க 😭 எடுத்த எடுப்புல அதக் குடுத்தா பயபுள்ள தூங்க மாட்டான்

தறிச்சத்தம்:
பயப்படத்தான தம்பி ஹாரர் கேம் வாங்கறோம்.

மொட்டமாடி:
நாலு பேர் நாலு சொல்றீங்க, ஆனா படிக்க நல்லா இருக்கு. ரெண்டு கேள்வி. கதையில எது எதோட ஒட்டியிருக்கு? 1 ஆடாம 2 ஆடுனா ஏதாவது போயிடுமா? அப்புறம் 0ன்னு இருக்கே, நம்பர் படி அதுதான மொதல்ல வருது?

அரசமரத்தடி:
0லேர்ந்து மட்டும் ஆரம்பிக்காதீங்க. கதைப்படி அது பங்களா சம்பவத்துக்கு முந்தின நாள், ஆனா 1 தெரிஞ்சவங்களுக்காக எழுதுனது, தவிர அதுல ஐட்டம் பெட்டியே கெடையாது. மத்த கேம்ல எந்த பெட்டில போட்டாலும் வேற ரூம் பெட்டில எடுத்துக்கலாம், 0ல கீழதான் போடணும், போட்டது போட்ட எடத்துலயே கெடக்கும், ரெண்டு ஆள மாத்தி மாத்தி ஆடணும், ஒரு கொக்கித் துப்பாக்கிய எடுக்கறதுக்கு ஊரச் சுத்தி திரும்பி வரணும். அந்த ரயில் பகுதி மட்டும் தனி அழகு, அதுக்காகவே எப்பயாவது ஆடலாம். கடைசில வச்சுக்கோங்க.

கதைக்கு வருவோம். 1ல ரக்கூன் சிட்டி பக்கத்து காட்டுல ஒரு பங்களா, ஸ்டார்ஸ்னு ஒரு போலீஸ் பிரிவு, கிறிஸ், ஜில், வெஸ்கர், பேரி. 2லயும் 3லயும் அதே ரக்கூன் சிட்டிதான், ரெண்டு மாசம் கழிச்சு ஊரே பாதிக்கப்பட்ட சமயம், 2ல லியானும் கிளேரும், 3ல ஜில். கிளேர் ஏன் அந்த ஊருக்கு வர்றா, அண்ணன் கிறிஸ்ஸ தேடி. 1 ஆடலன்னாலும் அது புரியும், ஆனா ஸ்டேஷன்ல ஸ்டார்ஸ் ஆபீஸ்னு ஒரு ரூம் வரும் பாருங்க, 1 ஆடுனவன் அங்க ஒவ்வொரு மேசையா நின்னு பாப்பான், ஆடாதவன் குண்டு இருக்கான்னு பாத்துட்டு வெளிய வந்துடுவான். வித்தியாசம் அவ்ளோதான், கத புரியாம போகாது.

அடுத்து கோட் வெரோனிகா, கிளேரும் கிறிஸ்ஸும். 4 லியானோட தனிக் கத, ஆனா ஏடான்னு ஒருத்தி வருவா, அவளுக்கும் லியானுக்கும் நடுவுல என்னங்கறது 2ல இருக்கு. 5 வந்து 1லேர்ந்து ஆரம்பிச்ச ஒரு பகைய முடிச்சு வைக்கற கேம், அத மட்டும் தனியா ஆடுனா உப்புசப்பில்லாம இருக்கும். 6ல எல்லாரையும் கொண்டாந்து கொட்டிட்டாங்க, நாலு கதை, அதுல லியான் பகுதி மட்டும் எனக்குப் புடிக்கும். 7ம் வில்லேஜும் ஒரே ஜோடி, 7 முடிக்காம வில்லேஜ் தொடவே தொடாதீங்க.

நைட்ஷிப்ட்:
3 ரீமேக் பத்தி ஒரு வார்த்தை. 2020ல வந்துச்சு, சண்டைக் காட்சி எல்லாம் சூப்பர், ஆனா சின்ன கேம், பழைய 3ல இருந்த மணிக்கூண்டு பகுதிய அப்படியே தூக்கிட்டாங்க. தொரத்திட்டே வர்ற அரக்கன் நெமசிஸ், பழசுல எப்ப வேணா கதவத் தொறந்து வருவான், புதுசுல பாதி நேரம் சினிமா மாதிரி ஓட வைக்கறாங்க. சேல்ல வந்தா மட்டும் வாங்கு, 2 முடிச்ச கையோட ஆடுனா அதே ஸ்டேஷன் வேற கோணத்துல வரும், அது நல்லா இருக்கும்.

பழையசிடி:
யாருமே ஒரிஜினல் பத்தி பேசலையே, அதனால நான் பேசறேன். 1996ல பிஎஸ்1ல வந்த அதே கேம் இப்ப ஜிஓஜி தளத்துல கெடைக்குது, 2024ல 1, 2, 3 மூணையும் வரிசையா விட்டாங்க, புது விண்டோஸ்லயே ஓடுது. ரீமேக் ஆடறது தப்பில்ல, ஆனா இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னா அத பாத்தே ஆகணும்.

இந்த சீரிஸ பண்ற காப்காம் கம்பெனில 1989ல ஸ்வீட் ஹோம்னு ஒரு கேம் பண்ணாங்க, நின்டெண்டோவோட ஃபேமிகாம் மெஷினுக்கு, டோக்குரோ ஃபுஜிவாராதான் அதுக்கு டைரக்டர். பேய் பங்களா, பைல எடம் கம்மி, ஆளுக்கு ஒரு சாமான்தான் ஸ்பெஷலா தூக்க முடியும், கதவு தொறக்கற காட்சி, செவுத்துல எழுதி வச்ச குறிப்பு, எல்லாமே அதுல இருக்கு. அத திரும்பப் பண்ணலாம்னு ஷின்ஜி மிகாமி கையில குடுத்ததுதான் கடைசில ரெசிடென்ட் ஈவிலா மாறுச்சு. கேமரா மூலைல நிக்கறதுக்கு 1992ல வந்த அலோன் இன் த டார்க் வழி காட்டுச்சு. பிஎஸ்1ல முழு ரூமையும் 3டில காட்டற சக்தி இல்ல, அதனால பின்னணிய முன்னாடியே படமா வரைஞ்சு வச்சுட்டு அதுக்கு மேல ஆளையும் ஜோம்பியையும் மட்டும் நடக்க விட்டாங்க. படம் மாறாதுன்னா கேமராவும் நகராது. இப்ப அந்தக் கொறையே கேமோட உயிரா ஆச்சு, ஏன்னா மூலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேக்கும்.

பச்சமொளகா:
சரி அந்த டேங்க் கன்ட்ரோல் எதுக்கு. முன்னாடி போனு அமுக்குனா ஆள் மூஞ்சி பாத்த பக்கம் போறான், திரும்பணும்னா நின்ன எடத்துல சுத்தறான், மாட்டு வண்டி கூட இத விட சீக்கிரம் திரும்பும்

பழையசிடி:
காரணம் இருக்கு தம்பி. கேமரா நிமிஷத்துக்கு ஒரு தடவ எடம் மாறும். இப்ப இருக்கற மாதிரி ஸ்டிக்க தள்ளுன பக்கம் போற கன்ட்ரோலா இருந்தா, நீ வலது பக்கம் தள்ளிட்டு ஓடிட்டு இருப்ப, கேமரா எதிர்ப்பக்கத்துக்கு மாறுன உடனே அதே வலது இடதா ஆயிடும், வந்த வழியே திரும்பி ஜோம்பி வாய்க்குள்ள போயிடுவ. டேங்க் கன்ட்ரோல்ல மேல அமுக்குனா எப்பவும் அவனுக்கு முன்னாடிதான், கேமரா தலகீழா நின்னாலும் ஓட்டம் மாறாது. ரெண்டு மணி நேரம் பழகுனா கை தானா போகும்.

அரசமரத்தடி:
அது கஷ்டம்னு நெனைக்கறவங்களுக்கு எச்டி ரீமாஸ்டர்ல புது கன்ட்ரோலும் இருக்கு. கேமரா மாறுனாலும் ஸ்டிக்க விடாம புடிச்சிருக்கற வரைக்கும் பழைய தெசையிலயே ஓடுவாங்க, விட்டுட்டு திரும்ப தள்ளுனாத்தான் புதுக் கேமராவுக்கு ஏத்த மாதிரி மாறும். மொத தடவ ஆடறவங்க அதுலயே ஆடலாம், ஒரு கொறையும் இல்ல. ஆனா ஒன்னு, அந்தக் கன்ட்ரோல்ல ஜோம்பிய சுத்தி ஓடறது ரொம்ப சுலபம், கேம் டேங்க் கன்ட்ரோல மனசுல வச்சு கட்டுனது, அதனால பயம் கொஞ்சம் எளகிடும்.

பழையசிடி, 1996 கேம் மேல எனக்கும் மரியாத உண்டு, ஆனா புது ஆளுக்கு மொதல்ல அதக் குடுக்க மாட்டேன். ரீமேக்க பண்ணதும் அதே மிகாமிதான், அதே பங்களாவ எடுத்து, ஏற்கனவே ஆடுனவனுக்கு வழி தெரியும்ல, அந்த நெனப்புலயே கால வாரி விடறார். நாய் ஜன்னல ஒடச்சுட்டு வர்ற வராண்டா எல்லாருக்கும் தெரியும். ரீமேக்ல அங்க கண்ணாடி லேசா விரிசல் மட்டும் விடும், நாய் வராது. அப்பாடான்னு போயிட்டு அப்புறம் வேற சமயம் திரும்பி வரும்போதுதான் பாயும். ஒரிஜினல் ஆடாதவனுக்கும் அது பயமாத்தான் இருக்கும், ஆடுனவனுக்கு ரெண்டு மடங்கு.

தறிச்சத்தம்:
அரசமரத்தடி அண்ணா 1 பத்தி இவ்ளோ சொல்றாரு, 7 வேற ஜாதின்னு நெனச்சுடாதீங்க மொட்டமாடி. கேமரா மட்டும்தான் மாறியிருக்கு, உள்ள எலும்பு அதேதான். பேக்கர் வீட்ல ஒரு செல கையில ஷாட்கன் இருக்கும். எடுத்தா கதவு பூட்டிக்கும், வெளிய போக முடியாது, எடுத்த எடத்துல திரும்ப வைக்கணும். வேற ஒரு ஒடஞ்ச துப்பாக்கிய தேடிக் கொண்டாந்து அதுக்குப் பதிலா வச்சாத்தான் நல்லத தூக்கிட்டுப் போக முடியும். இது அப்படியே 1ல இருக்கு, அங்க சுவத்துலேர்ந்து ஷாட்கன எடுத்தா அடுத்த ரூம்ல மேக்கூர கீழ எறங்கி நசுக்க வரும், ஒடஞ்ச துப்பாக்கிய மாட்டுனா வராது. கதவத் தொறக்க மூணு நாய்த் தல சில்லு தேடணும், சேவ் ரூம் இருக்கு, ஐட்டம் பெட்டி இருக்கு. 6 வரைக்கும் வெடி வெடின்னு போயிட்டிருந்த சீரிஸ ஒரே வீட்டுக்குள்ள திருப்பிக் கொண்டாந்த கேம் அது. பழசுக்குப் போறவங்களுக்கு 7 நல்ல வாசப்படி.

அரசமரத்தடி:
இத நான் முழுசா ஒத்துக்கறேன் மா. ஷாட்கன் விஷயத்த பாத்தப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, விட்டுக் குடுக்காம வச்சிருக்காங்கன்னு. 7ல கடைசி பகுதி, அந்த கப்பலும் சுரங்கமும், எனக்கு அவ்ளோ ஒட்டல, அதனாலதான் மொதல்ல சொல்லல.

மொட்டமாடி:
ஓகே. 7 எனக்கு இப்ப வேணாம் அக்கா, ராத்திரி ஹெட்போன் போட்டு தனியா ஆடறவன், கொஞ்சம் பழகிட்டு வர்றேன். 1 எச்டியும் 2 ரீமேக்கும் ரெண்டுமே சேல்ல இருந்துச்சு, ரெண்டையும் வாங்கிட்டேன். இன்னிக்கு நைட் 2 ஆரம்பிக்கறேன், கேமரா பழகுனதா இருக்கட்டும்னு. லியானா கிளேரா? டிஃபிகல்ட்டி என்ன வைக்கணும்?

நைட்ஷிப்ட்:
நல்ல முடிவு. லியான். ஸ்டாண்டர்ட். ஹார்ட்கோர்ல ஆட்டோசேவ் கெடையாது, இங்க் ரிப்பன் வேற வேணும், மொத தடவைக்கு வேணாம். அசிஸ்டட்ல உயிர் தானா ஏறும், குறியும் தானா புடிக்கும், ரொம்ப தெணறுனா மட்டும் மாத்திக்கோ, தப்பே இல்ல.

இன்னொன்னு, 2022ல ஒரு பெரிய அப்டேட் விட்டாங்க, வெளிச்சத்தயும் நெழலையும் நெசம் மாதிரி காட்டற ரே ட்ரேசிங் எல்லாம் சேத்து, அதுக்கப்புறம் சுமாரான கார்டுல கொஞ்சம் தடுமாறுது. உனக்கு அப்படி இருந்தா ஸ்டீம்ல கேம் மேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ்ல பீட்டா பகுதிக்குப் போ, ரே ட்ரேசிங் இல்லாத பழைய டைரக்ட்எக்ஸ் 11 பதிப்பு அங்க இருக்கும், அதுக்கு மாத்திக்கலாம். ரெண்டும் ஆடறதுக்கு ஒன்னுதான்.

அரசமரத்தடி:
சில விஷயம் மட்டும் சொல்லிடறேன், மத்தத நீங்களே கண்டுபுடிங்க. குறிவட்டம் விரிஞ்சு இருக்கும்போது சுடாதீங்க, கால நகத்தாம நின்னா அது சுருங்கும், சுருங்குன அப்புறம் சுட்டா அடி பலமா விழும். ஜோம்பி ரெண்டடி தள்ளி கைய நீட்டிட்டு வரும்போது அசையாம நிக்கறதுதான் இந்த கேமே. தலைக்கு இத்தன குண்டுன்னு கணக்கு கெடையாது, ஒருத்தன் ரெண்டுல போவான், இன்னொருத்தன் ஏழு வாங்கிட்டும் எந்திரிப்பான், அதனால கால்ல சுட்டு கீழ விழுத்திட்டு தாண்டிப் போறதும் நல்ல வழி.

மேப்ப அடிக்கடி பாருங்க. ரூம் செவப்பா இருந்தா ஏதோ மிச்சம் இருக்கு, நீலமா மாறுனா எல்லாம் எடுத்தாச்சு. மரப்பலகை கெடச்சா அடிக்கடி போற வராண்டா ஜன்னலுக்கு அடிங்க, போகாத எடத்துல வீணாக்காதீங்க. தோல் உரிஞ்சு சுவத்துல ஊர்ற ஒரு ஜந்து வரும், லிக்கர், அதுக்கு கண்ணு தெரியாது, காது மட்டும்தான், ஓடாம மெதுவா நடந்தா பக்கத்துலயே கடந்து போயிடலாம். அந்தப் பத்து அடி நடக்கும்போது மூச்ச புடிச்சுட்டுதான் நடப்பீங்க.

எட்டுபிட்டு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கும் தம்பிக்கும் சேந்து ஆடணும், ஒரே டிவில. இந்த சீரிஸ்ல எது?

பச்சமொளகா:
5. கிறிஸ்ஸும் ஷேவாவும், கன்சோல்ல ஸ்ப்ளிட் ஸ்கிரீன் இருக்கு. தனியா ஆடுனா கூட வர்ற ஏஐ உயிர வாங்கும், ரெண்டு பேரா ஆடுனா அருமை. பயம் எல்லாம் பெருசா இருக்காது, ஆக்ஷன்தான். உங்களுக்கு கத முக்கியம் இல்லன்னா தைரியமா எறங்குங்க.

தறிச்சத்தம்:
5 முடிச்சா அதோட டிஎல்சி, அதாவது கூடுதலா விட்ட பகுதி, லாஸ்ட் இன் நைட்மேர்ஸும் விட்டுடாதீங்க எட்டுபிட்டு. கிறிஸ்ஸும் ஜில்லும் இன்னொரு பழைய பங்களாக்குள்ள போவாங்க, சின்னதா இருந்தாலும் முழுக்க 1 மாதிரியே பண்ணியிருப்பாங்க.

மொட்டமாடி:
ஸ்டேஷன் மேற்குப் பக்கம் முடிச்சேன். என்ன கட்டிடம்யா அது! மொதல்ல ஒவ்வொரு ஜோம்பியா நின்னு சுட்டுட்டு இருந்தேன், கையில நாலே நாலு குண்டு மிச்சம். அப்புறம்தான் அரசமரத்தடி அண்ணா சொன்னது உறைச்சது, கால்ல சுட்டுட்டு தாண்டிப் போக ஆரம்பிச்சேன். இப்ப எந்த வராண்டா சுத்தம், எதுல ஆள் இருக்குன்னு மனப்பாடமா இருக்கு. ஹெலிகாப்டர் எரியற எடத்துல தண்ணி விட்டு அணைச்சேன், அந்த உயரமான ஆளு வந்து ஹெலிகாப்டரயே தூக்கிட்டான். எத்தன குண்டு போட்டா சாவான்?

நைட்ஷிப்ட்:
சாக மாட்டான். மண்டி போடுவான், திரும்ப எந்திரிப்பான். குண்டு வீணாக்காத. காலடி சத்தத்த கேளு, மேல் மாடியா கீழயா, இடமா வலமான்னு ஹெட்போன்லயே தெளிவா தெரியும். மெயின் ஹால்ல டைப்ரைட்டர் இருக்கேன்னு அங்க நிக்காத, அவன் ஹாலுக்குள்ள வருவான். கதவு சாத்துன சின்ன சேவ் ரூம்தான் நம்பிக்கை.

பச்சமொளகா:
அவன் வந்த அப்புறம்தான் மொட்டமாடிக்கு அந்த சுத்தம் பண்ணி வச்ச வராண்டாவோட அரும தெரியும் 🔥

அரசமரத்தடி:
அதேதான். அது வரைக்கும் விட்டுட்டு வந்த ஒவ்வொரு ஜோம்பியும் இப்ப கணக்கு கேக்கும். பின்னாடி அவன் பூட்ஸ் சத்தம், முன்னாடி நீங்க சுடாம விட்ட ஆளு, நடுவுல லிக்கர் இருக்கற வராண்டால ஓடவும் முடியாது. முன்னாடி செலவு பண்ணாததுக்கு இப்ப வெல குடுக்கறோம். 1998ல வந்த 2லயும் அவன் உண்டு, ஆனா கிளேரா ஆரம்பிச்சா லியான், லியானா ஆரம்பிச்சா கிளேர்னு ரெண்டாவது ஆட்டத்துலதான் வருவான், அதுவும் குறிப்பிட்ட எடத்துல மட்டும். விடாம தொரத்தறது ரீமேக்ல சேத்தது. இந்த ஒரு மாத்தத்துக்காகவே ரீமேக் தனியா நிக்கும்.

மொட்டமாடி:
லியான் முடிச்சாச்சு! கடைசி ஒரு மணி நேரம் கை வேர்த்துடுச்சு. இப்ப மெனுல செகண்ட் ரன்னு ஒன்னு வந்துருக்கு, கிளேர். அத ஆடணுமா, இல்ல நேரா 1 எச்டிக்குப் போகவா? அதே ஸ்டேஷன திரும்ப ஆடறது போரடிக்குமோன்னு ஒரு யோசன.

பழையசிடி:
நேரா பங்களாவுக்குப் போ தம்பி. சூடு ஆறதுக்குள்ள.

நைட்ஷிப்ட்:
இல்ல இல்ல, கிளேர முடிச்சுட்டுப் போ. கத அங்கதான் முடியுது. நீ இப்ப பாத்தது முழு முடிவு இல்ல, செகண்ட் ரன் கடைசில இன்னும் ஒரு பகுதி இருக்கு. ஷெர்ரின்னு ஒரு சின்னப் பொண்ணு வருவா, அவ கத முழுக்க கிளேர் பக்கம்தான். கிளேருக்கு கிரனேட் லாஞ்சர் உண்டு, சண்ட வேற மாதிரி இருக்கும்.

தறிச்சத்தம்:
நைட்ஷிப்ட் சொல்றதுதான் சரி. ஒரு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்கோங்க, செகண்ட் ரன்ல அந்த உயரமான ஆளு ரொம்ப சீக்கிரமே வந்துடுவான்.

அரசமரத்தடி:
கிளேர முடிங்க. உங்களுக்கு வழி தெரியும், அதனால பாதி நேரத்துல முடிஞ்சுடும். அப்புறம் 1 எச்டி, மொத ஆட்டம் ஜில்லா இருக்கட்டும், கிறிஸ் வேணாம், 6 எடத்த வச்சுக்கிட்டு அந்த பங்களாவ மொத தடவையே சமாளிக்கறது பாடு. ஆரம்பத்துல மலை ஏறறத பத்தி ஒரு கேள்வி கேக்கும், உங்க டிஃபிகல்ட்டிய முடிவு பண்றது அந்த பதில்தான், நிதானமா படிச்சு போடுங்க. சாப்பாட்டு ரூம தாண்டுன வராண்டால மொத ஜோம்பி திரும்பிப் பாக்கும், அத சுட்டா அந்த வராண்டாவுக்கு மண்ணெண்ண ஒதுக்கி வைங்க, அந்தப் பக்கமா நெறைய தடவ போக வேண்டி வரும். முடிச்சதும் ஸ்டார்ஸ் ஆபீஸ் பாக்கறதுக்கு மட்டும் திரும்ப 2ல ஒரு சேவ் வச்சுக்கோங்க.

மொட்டமாடி:
சேவ் வச்சுட்டேன். கிளேர் ஆரம்பிச்சாச்சு.